ஆற்றங்கரையில் பொது விளையாட்டு வெளி அமைப்பது எப்படி: குமரி மாவட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் விளையாடுவதற்குச் சமதளமான பொது நிலம் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருகிறது. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் வீடும் ரப்பரும் தென்னையும் இடைவெளியின்றி நெருங்கி நிற்கின்றன. கிழக்கே அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கங்களில் வயல்கள் மனைகளாகின்றன. அறுவடை முடிந்த வயலில் பந்தடித்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் டர்ஃப் மைதானங்களில் பணம் பிரித்துப் போட்டு ஆடுகிறார்கள். பிரிப்பதற்குப் பணம் இல்லாத பிள்ளை வீட்டில் இருந்துவிடுகிறது. இந்த நிலையில், எவருக்கும் சொந்தமாகாமல் எல்லோருக்கும் பொதுவாக இன்னும் மிஞ்சியிருக்கும் இடங்களில் முக்கியமானவை ஆற்றங்கரைகள்.

இங்கே சொல்லப்படும் ஆறுகளில் பெரியது தாமிரபரணி. நெல்லையில் ஓடுவது வேறு; இது கோதையாறும் பரளியாறும் திருவட்டாருக்கு அருகில் மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறையைத் தொட்டு, தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலில் சேரும் ஆறு; குழித்துறையாறு என்றும் மக்கள் சொல்வார்கள். நாகர்கோவிலின் ஓரமாக ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாகச் சென்று மணக்குடியில் கடலைச் சேர்வது பழையாறு. இவை தவிர வள்ளியாறும், அணைகளிலிருந்து பிரியும் சானல்களும் உண்டு. இந்தக் கரைகளில் பயிற்சியாளரோ சீருடையோ நடுவரோ உறுப்பினர் கட்டணமோ இன்றி, வந்தவர்கள் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளுக்கு ஒரு வெளியை எப்படி வடிவமைப்பது என்பதே இந்த வழிகாட்டி. டென்னிஸ் பந்து கிரிக்கெட், அணிக்கு ஐந்து பேர் ஆடும் ஃபைவ்ஸ் கால்பந்து, மூவர் கூடைப்பந்து, ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட்டிங், சைக்கிள் வித்தை, சுவர்களையும் தடைகளையும் தாவிக் கடக்கும் பார்க்கூர், கம்பியில் தொங்கும் உடற்பயிற்சி ஆகியவற்றோடு, இந்த மண்ணில் வேரூன்றிய அடிமுறை என்னும் தற்காப்புக் கலை, சிலம்பம், வடம் இழுத்தல் ஆகியவற்றையும் சேர்த்தே பேசுகிறேன். ஊர் கிளப்புகள், உள்ளாட்சி உறுப்பினர்கள், இளம் கட்டடக் கலைஞர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரை ஆற்றுக்கு உரிய இடம். ஆண்டில் சில நாட்கள் ஆறு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதை எதிர்த்துக் கட்டினால் பணமும் போகும், கரையும் போகும். ஏற்றுக்கொண்டு கட்டினால், வெள்ளம் வடிந்த சில நாட்களில் பிள்ளைகள் மறுபடி ஆடத் தொடங்கலாம். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு முடிவிலிருந்தே பிறக்கிறது.

முதல் படி: வரைவதற்கு முன் பார்த்தல்

வரைபடத் தாளை எடுப்பதற்கு முன், அந்த இடத்துக்குக் காலை, மதியம், மாலை, இரவு என்று வெவ்வேறு நேரங்களிலும், வேலை நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும், கோடையிலும் மழையிலும் போய் நில்லுங்கள். யார் வருகிறார்கள், எந்த வழியாக இறங்குகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எங்கே செருப்பைக் கழற்றி வைக்கிறார்கள் என்பதைக் கைவரைபடம் ஒன்றில் குறியுங்கள். புல் தேய்ந்து மண் தெரியும் இடம், ஆட்டம் ஏற்கெனவே நடக்கும் இடம். கல்லை நட்டு ஸ்டம்பாக்கிய இடமும், பாலத்தூணில் கரியால் கோல் வரைந்த இடமும் எந்த ஆலோசகரின் அறிக்கையையும்விட நம்பத்தக்க சான்றுகள். அவற்றை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டினால், கட்டியது வெறுமையாகக் கிடக்கும். பிள்ளைகள் வேறு கல்லைத் தேடிப் போவார்கள்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், குயீன் எலிசபெத் ஹால் என்னும் இசையரங்கின் அடித்தளத்தில் தூண்களுக்கிடையே இருந்த சரிவான வெற்றிடத்தை 1970களில் ஸ்கேட்போர்டு ஆடும் இளைஞர்கள் தாங்களாகவே கண்டெடுத்தார்கள். விளையாட்டுக்கென்று எவரும் அதைக் கட்டவில்லை. 2013-இல் அவ்விடத்தைக் கடைகளாக்கும் திட்டம் வந்தபோது பெரும் மக்கள் எதிர்ப்பு எழுந்தது. 2014-இல் அந்த இடம் அவர்களுக்கே இருக்கட்டும் என்று உடன்பாடு ஏற்பட்டது. முன்பு மூடப்பட்டிருந்த ஒரு பகுதியும் 2019-இல் மீட்டுத் திறக்கப்பட்டது. மழையிலிருந்து காக்கும் கூரை, வழவழப்பான தரை, சின்னச் சரிவு, நடந்து போகிறவர்கள் நின்று பார்க்கும் வசதி ஆகிய நான்கும் இருந்ததால்தான் அந்த இடம் நிலைத்தது. நம் ஆறுகளைக் கடக்கும் சாலைப் பாலங்கள், ரயில் பாலங்கள் சிலவற்றின் கரையோரக் கண்களுக்குக் கீழே இந்த நான்கில் மூன்று ஏற்கெனவே இருக்கின்றன. ஆண்டில் இரண்டு பருவமழைகளையும் பெறும் ஒரு மாவட்டத்தில் பாலத்தின் நிழலை வீணாக்கக் கூடாது. ஆனால் பாலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அந்தத் துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் தூணிலோ அடித்தளத்திலோ கை வைக்கலாகாது.

இரண்டாம் படி: கடவும் பெண்களும்

நம் ஊரில் ஆற்றங்கரை என்றால் முதலில் கடவு. குளிக்கவும் துவைக்கவும் மக்கள் இறங்கும் அந்தப் படிகளைச் சுற்றியே கரையின் வாழ்க்கை நடக்கிறது. பல கடவுகளில் பெண்கள் இறங்கும் இடமும் நேரமும் எழுதப்படாத வழக்கமாகப் பேணப்பட்டு வருகின்றன. விளையாட்டுத் திட்டம் ஒன்று தவறாகப் போகுமானால் பெரும்பாலும் இங்கேதான் தவறும்: இளைஞர்கள் கூடும் இடத்தைக் கடவின் பார்வைக்குள் வைத்துவிட்டால், பெண்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வருவதை நிறுத்திவிடுவார்கள். அது எந்த அறிக்கையிலும் பதிவாகாது.

ஆகவே, கடவிலிருந்து பார்க்கும்போது எது தெரிகிறது, கடவு எங்கிருந்தெல்லாம் தெரிகிறது என்ற இரண்டையும் நேரில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். இருக்கைகளையும் பார்வையாளர் படிகளையும் கடவுக்கு முதுகு காட்டும்படி திருப்புங்கள். இடையில் தாழையோ மூங்கிலோ அடர்த்தியாக நட்டால் பார்வை மறையும். கடவுக்குப் போகும் பாதை ஆடுகளத்தின் நடுவே செல்லாமல் தனியாக இறங்க வேண்டும். இவற்றையெல்லாம் முடிவு செய்யும் கூட்டத்தை மாலை நேரத்தில் டீக்கடை முன் நடத்தினால் ஆண்கள் மட்டுமே வருவார்கள். சுயஉதவிக் குழுக் கூட்டம், கிறிஸ்தவ ஆலயத்தின் அன்பியம் என்னும் அண்டைவீட்டார் குழுக் கூட்டம், ஊர்க்கோயில் கமிட்டி என்று பெண்கள் ஏற்கெனவே கூடும் இடங்களுக்கு வரைபடத்தை எடுத்துச் செல்லுங்கள்.

பெண்பிள்ளைகள் ஆடுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1990களில் ஆஸ்திரியாவின் வியன்னா நகரம் தன் பூங்காக்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பத்து வயதுக்குப் பின் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைவதைக் கண்டது. ஒரே பெரிய திறந்தவெளி இருந்தால் அதைப் பெரிய பையன்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது முக்கியமான காரணம். வெளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, நுழைவாயில்களைக் கூட்டி, பாதைகளுக்கு வெளிச்சம் தந்த பிறகு சிறுமிகளின் வரவு மாறியது. மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்னும் சிற்றூரில் 2015-இல் கட்டப்பட்ட ஸ்கேட்போர்டுத் தளத்தில் இரண்டே விதிகள் வைத்தார்கள்: பள்ளிக்குப் போகாதவர்களுக்கு ஸ்கேட்போர்டு கிடையாது; பெண்பிள்ளைகளுக்கே முதலில். வடிவமைப்பும் விதியும் கைகோத்தால்தான் பலன் கிடைக்கும் என்பதை இந்த இரண்டும் காட்டுகின்றன. குமரி மாவட்டத்தில் பெண்கள் கல்வியில் முன்னே நிற்கிறார்கள். அவர்களுக்கு மாலையில் ஒரு பந்தைத் தட்டி ஆட ஓர் இடம் இல்லை என்பது எனக்குப் பெரும் குறையாகவே படுகிறது.

கடவோடு சேர்ந்து சடங்குகளும் உண்டு. ஆடி அமாவாசை நாளில் குழித்துறையில் முன்னோருக்குப் பலிதர்ப்பணம் செய்ய ஆற்றில் இறங்கும் கூட்டத்தையும், அதையொட்டி நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சியையும் அறியாதவர் இம்மாவட்டத்தில் இல்லை. கோயில் திருவிழாவில் சாமியை நீராட்டும் ஆறாட்டு இறங்கும் துறைகளும் இருக்கின்றன. அந்த நாட்களில் விளையாட்டு வெளி மண்டபமாகவும் வாகன நிறுத்தமாகவும் நடைபாதையாகவும் மாறிக்கொடுக்கும்படி, அகற்றக்கூடிய கம்பங்களையும் திறந்த தளத்தையும் திட்டமிடுவது நல்லது.

மூன்றாம் படி: நிலமும் அனுமதியும்

கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்து, நீங்கள் எண்ணியிருக்கும் இடம் ஆற்றுப் புறம்போக்கா, உள்ளாட்சியின் நிலமா, பட்டா நிலமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆற்றுப் புறம்போக்கில் நிலையான கட்டடம் எழுப்ப முடியாது, எழுப்பவும் கூடாது. நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று பெற்று, தண்ணீர் செல்வதற்குத் தடையாகாத மண் தளம், படி, மரம் போன்றவற்றை மட்டும் அங்கே வைத்து, கான்கிரீட், கழிப்பறை, மின்பெட்டி ஆகியவற்றை உள்ளாட்சிக்குரிய மேட்டு நிலத்துக்குக் கொண்டு போவதே முறை.

முகத்துவாரத்தை நெருங்கும் இடங்களில் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் ஆற்றங்கரைக்கும் பொருந்தும். கடல்நீர் ஏறி இறங்கும் தொலைவு வரை, அதாவது ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரில் உப்பின் அளவு ஆயிரத்தில் 5 பங்காக இருக்கும் இடம் வரை, அந்த விதிகள் உள்ளே நீளும். தேங்காய்ப்பட்டணம், மணக்குடிப் பகுதிகளில் திட்டமிடுபவர்கள் இதை முதலிலேயே விசாரிக்க வேண்டும். மேலே பேச்சிப்பாறைப் பக்கம் என்றால் வனத்துறையின் எல்லை எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள்.

நான்காம் படி: வெள்ளத்தை அளந்து மூன்று தளங்களாகப் பிரித்தல்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். பேச்சிப்பாறை அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணியினுடையது 77 அடி. நாளேடுகளில் தினமும் வரும் இந்த எண்களை மாவட்டத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள். முன்னது கோதையாற்றிலும் பின்னது பரளியாற்றிலும் இருப்பதால், இரண்டிலும் உபரிநீர் திறக்கப்படும்போது மூவாற்றுமுகத்துக்குக் கீழே குழித்துறை வரை ஆறு ஒரே சமயத்தில் இரு பக்கத்து நீரையும் சுமக்கிறது. உங்கள் தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கும்போதுகூட மலையில் பெய்த மழை உங்கள் ஆடுகளத்துக்கு வந்து சேரலாம்.

2021 நவம்பர் வெள்ளம் எங்கே வரை ஏறியது என்பது கரையோரத்தில் வாழும் எவருக்கும் நினைவிருக்கும். வீட்டுச் சுவர், கோயில் மதில், சாலையோரச் சிலுவைக் கோயிலான குருசடி, மின்கம்பம் என்று அவர்கள் கைகாட்டும் அடையாளங்களைச் சேகரித்து, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க்குழாயைக் கொண்டோ, லெவல் கருவியைக் கொண்டோ உங்கள் இடத்துக்கு மாற்றுங்கள். மரக்கிளைகளில் சிக்கியிருக்கும் குப்பையும் துணியும் கடைசி வெள்ளத்தின் உயரத்தைச் சொல்லும். இவ்வாறு மூன்று கோடுகள் கிடைக்கும்: சாதாரண மழைக்காலத்தில் நீர் தொடும் கோடு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் தொடும் கோடு, நினைவில் உள்ள பெருவெள்ளம் தொட்ட கோடு.

முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் இடைப்பட்டது கீழ்த்தளம். இங்கே புல், மணல், மண், கல் படி ஆகியவை மட்டும் இருக்கலாம். வெள்ளம் கொண்டுபோனாலும் யாருக்கும் இழப்பில்லாதவை. வடம் இழுத்தல், கடற்கரையில் ஆடுவதுபோல் வெறுங்காலில் ஆடும் கால்பந்து, ஓட்டம் ஆகியவற்றுக்கு இது போதும். இரண்டாம் கோட்டுக்கு மேல் தொடங்கும் நடுத்தளத்தில், அவ்வப்போது நனைந்தாலும் கெடாத மண் களங்களும், நிலம் உள்ளாட்சிக்குரியதாக இருந்தால் கான்கிரீட் தளமும் அமையலாம். பெருவெள்ளக் கோட்டுக்கு மேலே உள்ள மேல்தளத்தில்தான் கழிப்பறை, குடிநீர், மின்பெட்டி, பொருள் வைக்கும் அறை ஆகியவை வர வேண்டும்.

சுற்றுச்சுவரும் கம்பிவேலியும் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் வேலியில் தென்னை மட்டையும் பிளாஸ்டிக்கும் அடைந்து, சில மணி நேரத்தில் அதுவே தடுப்பணையாகிவிடும். பிறகு வேலியும் அதைத் தாங்கிய மண்ணும் சேர்ந்தே போகும். பந்தைத் தடுக்க வேண்டிய இடத்தில், குழாய்க்குள் செருகிய கம்பத்தில் நைலான் வலையைக் கட்டி, மழைக்காலத் தொடக்கத்தில் கழற்றி வையுங்கள்.

கரை அரிக்கும் இடங்களில் உடனே பக்கச்சுவர் கேட்பது நம் வழக்கம். சில வளைவுகளில் அது தவிர்க்க முடியாதது. ஆனால் செங்குத்தான கான்கிரீட் சுவர் நீரின் வேகத்தைக் கூட்டி, எதிர்க்கரையையோ சுவர் முடியும் இடத்தையோ அரிக்கச் செய்யும். மக்களையும் தண்ணீரிலிருந்து பிரித்துவிடும். அகமதாபாத்தின் சபர்மதி ஆற்றங்கரைத் திட்டம் நீண்ட நடைபாதைகளைத் தந்திருக்கிறது என்றாலும், உயர்ந்த சுவர்களுக்கு நடுவே ஆற்றை அடக்கியது என்ற விமர்சனமும் அதனோடு சேர்ந்தே பேசப்படுகிறது. கரையைச் சரிவாகச் சீர்செய்து, தென்னை நார் விரிப்பைப் பதித்து, அதில் வெட்டிவேரும் தாழையும் நட்டால், விரிப்பு மக்கிப் போவதற்குள் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தென்னை நாரும் அதைத் திரிக்கும் கைகளும் இந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன.

ஐந்தாம் படி: களங்களின் அளவும் திசையும்

24 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு தளத்தை அடிப்படை அலகாக வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். வாலிபால் களம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் சரியாக இந்த அளவு வரும். மூவர் கூடைப்பந்துக் களம் 15 மீட்டர் அகலம், 11 மீட்டர் ஆழம். இரு முனைகளிலும் கூடைகளை வைத்தால் ஒரே தளத்தில் இரண்டு ஆட்டங்கள் நடக்கும். ஆண்களுக்கான கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், அதுவும் அடங்கும். இடம் குறைவாக இருந்தால் இப்படி ஒரு தளம், தாராளமாக இருந்தால் இரண்டு. இரண்டு அமைத்தால் ஒன்றைச் சரளும் செம்மண்ணும் கலந்து அடித்து இறுக்கிய மண் தளமாகவும், மற்றொன்றைக் கான்கிரீட்டாகவும் வையுங்கள். வாலிபாலும் கபடியும் சிலம்பமும் அடிமுறையும் மண்ணில் ஆட வேண்டியவை. கான்கிரீட்டில் விழுந்து எழும் கபடி வீரனின் முழங்கால் நெடுநாள் நிற்காது. கூடைப்பந்தும் சக்கரங்களும் கான்கிரீட்டைக் கேட்பவை.

மொத்தப் பரப்பில் பாதியையேனும் எந்த விளையாட்டுக்கும் ஒதுக்காமல் வெறுமையாக விடுங்கள். கோடு போடாத அந்தப் பகுதியில்தான் நாளை நமக்குத் தெரியாத ஒரு விளையாட்டு பிறக்கும். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் கிளப்புகள் நடத்தும் உறியடியும் வழுக்குமரமும் நடக்கும். வடம் இழுத்தலுக்கு 40 மீட்டர் நீளமுள்ள ஒரு மண் பட்டை இருந்தால் போதும்.

திசையைப் பொறுத்தவரை, மாலை வெயில் கண்ணில் படாமலிருக்கக் களத்தின் நீளவாக்கு வடக்கு தெற்காக இருப்பது வழக்கம். ஆற்றங்கரையில் வேறொரு கணக்கும் சேர்கிறது: கோல்கம்பத்துக்குப் பின்னால் ஆறு இருக்கக் கூடாது. தவறிய பந்து ஆற்றில் விழும், பந்துக்குப் பின்னால் ஒரு சிறுவனும் இறங்குவான். வெயிலுக்கும் ஆற்றுக்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால், கோல்களை ஆற்றின் ஓட்டத்துக்கு இணையான அச்சில் வைத்து வெயிலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். களத்தின் விளிம்புக்கும் நீருக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் விட்டு, அந்த இடைவெளியைப் புதரும் மரமுமாக நிரப்புங்கள்.

மணல் அள்ளப்பட்ட ஆற்றுப் பகுதிகளில், மேலே அமைதியாகத் தெரியும் நீருக்கடியில் ஆளை விழுங்கும் குழிகள் இருக்கின்றன. எங்கே குழி என்பது அந்தக் கடவில் குளித்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு எச்சரிக்கைப் பலகை வையுங்கள். நீண்ட மூங்கில் முனையில் வலை கட்டிய கோல் ஒன்று, கயிறு கட்டிய மிதவை வளையம் ஒன்று, அது கிடைக்காவிட்டால் மூடி இறுக்கிய காலிக் கேன் ஒன்று ஆகியவை எப்போதும் கரையில் தொங்க வேண்டும். பந்தை எடுக்கக் கோல் இருந்தால் பிள்ளை தண்ணீரில் இறங்கத் தேவையில்லை.

ஆறாம் படி: சக்கரங்களுக்கும் தாவல்களுக்கும் உரிய தரை

ஸ்கேட்போர்டும் ரோலர் ஸ்கேட்டும் தரையைப் பற்றியவை. ஸ்கேட்போர்டின் சக்கரம் பொதுவாக 5 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய விட்டம் உடையது. அரிசியளவுக் கல்லோ, ஒரு விரல் அகல விரிசலோ அதை நிறுத்தி ஆளைத் தூக்கி எறியும். ஆகவே எம்30 தரக் கான்கிரீட்டை, நன்றாக இறுக்கிய அடித்தளத்தின் மேல், கம்பி வலையுடன் 12 முதல் 15 சென்டிமீட்டர் கனத்தில் போட்டு, இயந்திரக் கரணையால் மெழுகியதுபோல் தேய்த்து முடிக்க வேண்டும். ஊர்ச் சாலைகளில் செய்வதுபோல் துடைப்பத்தால் கோடிழுத்து முடிக்க வேண்டாம் என்று ஒப்பந்தக்காரரிடம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள், ஏனெனில் பழக்கத்தில் அப்படித்தான் செய்துவிடுவார்கள். நீர் தேங்காமலிருக்க 100-க்கு 1 என்ற சரிவு போதும்; சரிவு ஆற்றை நோக்கி நேரடியாக இறங்காமல் ஒரு புல் வாய்க்காலுக்கு இறங்கட்டும். மூன்று, நான்கு மீட்டருக்கு ஒன்றாகச் சுருக்க வெட்டுகளைக் கான்கிரீட் போட்ட மறுநாளுக்குள் மெல்லிய வாளால் அறுத்துவிட்டால் கண்ட இடத்தில் விரிசல் ஓடாது. குறைந்தது இரண்டு வாரமாவது ஈரச்சாக்கு மூடி நீராற்றுங்கள்.

பெரிய கிண்ணங்களும் உயர்ந்த வளைவுகளும் வேண்டியதில்லை. தொடக்கநிலையில் இருப்பவர்களே இங்கு மிகுதி. 30, 40, 45 சென்டிமீட்டர் உயரங்களில் மூன்று நீண்ட திண்ணைகள், ஒரு தாழ்ந்த குழாய்க் கம்பி, இரு முனைகளிலும் மிதமான சரிவுகள், மூன்று நான்கு அகலப் படிகள் ஆகியவை இருந்தால் போதும். இவற்றில் ஆடாத நேரத்தில் பெரியவர்கள் உட்காரலாம். திண்ணை என்றாலே நமக்கு அதுதானே. விளிம்புகளில் இரும்புக் கோணத்தைப் பதிக்கும்போது சூடான துத்தநாகப் பூச்சுள்ளதையே வாங்குங்கள். கடல் எங்கிருந்தும் வெகுதூரத்தில் இல்லாத மாவட்டத்தில் பெயிண்ட் அடித்த இரும்பு சில ஆண்டுகளில் உதிர்ந்து கையைக் கிழிக்கும்.

பார்க்கூருக்கும் உடற்பயிற்சிக்கும் வெவ்வேறு உயரமுள்ள சுவர்த் துண்டுகளையும் கைப்பிடிக்குள் அடங்கும் பருமனுள்ள குழாய்க் கம்பிகளையும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வையுங்கள். உயரமான கம்பிகளுக்குக் கீழே 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உருண்டைத் தன்மையுள்ள மணல் வேண்டும். முனை கூர்மையான எம்-சாண்ட் விழுகிறவரைச் சிராய்க்கும். மூன்று உயரங்களில் கம்பி இருந்தால் சிறுவரும் பெண்களும் முதியோரும் பயன்படுத்துவார்கள். ஒரே உயரத்தில் இருந்தால் உயரமான இளைஞர்கள் மட்டுமே.

சக்கர நாற்காலியில் வருபவருக்கான சாய்தளம் 12-க்கு 1 என்ற சரிவைத் தாண்டக் கூடாது. அது பின்பக்க வழியாக இல்லாமல் முதன்மை நுழைவாகவே அமையட்டும். சைக்கிளும், பிள்ளையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் தாயும், கைத்தடி ஊன்றிவரும் பாட்டாவும் அதே வழியில் வருவார்கள்.

ஏழாம் படி: நிழல், வெளிச்சம், தண்ணீர்

தென்னை மரத்தடியில் எந்தக் களத்தையும் இருக்கையையும் வைக்காதீர்கள். காயும் மட்டையும் விழும் வட்டத்துக்கு வெளியே போங்கள், அல்லது ஏற ஆள் வைத்து முறையாகக் காய் வெட்டுங்கள். புதிதாக நட நீர்மருது, புன்னை, புங்கு, நாவல் ஆகியவை ஆற்றங்கரைக்கு உகந்தவை. நாவலை மட்டும் கான்கிரீட்டிலிருந்து தள்ளி நடுங்கள். பழம் நசுங்கிய தரையில் சக்கரம் வழுக்கும். மாலை ஆட்டமே மிகுதி என்பதால் களத்தின் மேற்குப் பக்கத்து மரங்களே முதலில் நடப்பட வேண்டும்.

விளக்குகள் கீழ்நோக்கி, களத்தின் மேல் மட்டும் விழும்படி இருக்கட்டும். ஆற்றின் மேல் வெள்ளொளி பாய்ந்தால் மீன்களும் வௌவால்களும் பூச்சிகளும் குழம்பும்; கரையில் குடியிருப்பவர்களின் உறக்கமும் கெடும். இரவு 9 மணிக்குத் தானே அணையும் கருவியைப் பொருத்தினால் வீண் சச்சரவு குறையும். பாதையிலும் கழிப்பறை வாசலிலும் மட்டும் மங்கலான விளக்கு விடிய விடிய எரியட்டும். எல்லா இணைப்பும் பெருவெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் கருவி கட்டாயம்.

எட்டாம் படி: முதலில் சுண்ணாம்பால் கட்டுங்கள்

கான்கிரீட் போடுவதற்கு முன், முழுத் திட்டத்தையும் தரையில் சுண்ணாம்புக் கோடாக வரைந்து, மரப்பலகைத் திண்ணை, அகற்றக்கூடிய கூடைக்கம்பம், மூங்கில் கம்பி ஆகியவற்றைக் கொண்டு ஒரு கோடைக்காலம் ஆடவிடுங்கள். எந்தக் கோடு மிதிபட்டு அழிகிறது, எந்த மூலை வெறுமையாகக் கிடக்கிறது, எந்த நேரத்தில் யாருக்கும் யாருக்கும் உரசல் வருகிறது என்பதெல்லாம் செலவில்லாமல் தெரியவரும். அதன்பின் வரைபடத்தைத் திருத்தி, கிராம ஊராட்சி என்றால் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடுகிறது. கோடைச் சோதனை முடிந்து ஆகஸ்டு கூட்டத்துக்குக் கொண்டுபோவது வசதியான கணக்கு. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் வார்டு உறுப்பினர் வழியாக மன்றத் தீர்மானம் தேவை.

நிதிக்கு ஒரே வாசலைத் தட்ட வேண்டாம். சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதி, பொதுமக்கள் பங்களிப்போடு அரசு பணம் சேர்க்கும் நமக்கு நாமே திட்டம், விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகம் ஆகியவற்றை அணுகலாம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் கிளப்புகளுக்கு ஜெர்சி வாங்கித் தருவது இங்கே வழக்கம். அதே கைகள் ஒரு திண்ணையின் செலவையும் ஏற்கும், கேட்டால். ஆனால் தந்தவர் பெயரைப் பெரிதாக எழுதிய வளைவு வேண்டாம். அது ஓட்டத்தைத் தடுக்கும், ஊரையும் பிரிக்கும்.

ஒன்பதாம் படி: பராமரிப்பும் வெள்ளத்துக்குப் பின் செய்ய வேண்டியவையும்

யார் பார்த்துக்கொள்வது என்பதைத் திறப்புவிழாவுக்கு முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள். கிளப் உறுப்பினர்கள், கடவைப் பயன்படுத்தும் பெண்கள், உள்ளாட்சிப் பணியாளர் ஆகிய மூன்று தரப்பும் இருக்கும் ஒரு சிறு குழு போதும். எந்தக் கிளப்பும் களத்தைத் தனக்கென்று பூட்ட முடியாது என்பதும், போட்டி நடத்தினாலும் ஒரு பகுதி எப்போதும் பொதுவாகத் திறந்திருக்கும் என்பதும் அந்த எழுத்தில் இடம்பெற வேண்டும். மாலை ஐந்து முதல் ஆறரை வரை ஒரு களம் பெண்பிள்ளைகளுக்கு என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

அணையில் உபரிநீர் திறப்பதாக அறிவிப்பு வந்ததும் கீழ்த்தளத்தை மூடி, வலைகளையும் கம்பங்களையும் மேலே ஏற்றும் பொறுப்பு இன்னாருடையது என்று இரண்டு பேரின் பெயரைக் குறித்து வையுங்கள். வெள்ளம் வடிந்த பின் உடனே ஆட இறங்கக் கூடாது. சேற்றில் கண்ணாடித் துண்டும் முள்ளும் புதைந்திருக்கும். அதைவிட, வெள்ளநீரில் கலக்கும் எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல், காலில் உள்ள சிறு சிராய்ப்பு வழியாகக்கூட உடலுக்குள் போகும். வெறுங்காலில் ஆடும் பிள்ளைகளுக்கு இது உண்மையான ஆபத்து. கழிவுநீர் கலக்கும் பழையாற்றங்கரையில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். சேறு இறுகுவதற்குள், ரப்பர் பூட்ஸ் அணிந்த பெரியவர்கள் அதை வழித்து மரத்தடிகளில் கொட்டட்டும். கான்கிரீட் தளத்தைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, ஒரு வெயிலாவது காயவிட்ட பிறகே திறக்க வேண்டும். மண் களம் முழுதாக உலர்ந்து, ரோலர் உருட்டிய பின்பு.

வடகிழக்குப் பருவமழை முடிந்த ஒவ்வொரு ஜனவரியிலும் குழு ஒருமுறை கூடி, அந்த ஆண்டு வெள்ளம் தொட்ட கோட்டை மேல்தளத்துச் சுவரில் பெயிண்டால் குறித்து, தேதியிட்டு, கரை எத்தனை அடி அரிக்கப்பட்டிருக்கிறது என்று அளந்து பதிவேட்டில் எழுதட்டும். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஒரே இடத்தில் அரிப்பு இருந்தால், அந்த இடத்தை ஆற்றுக்கே விட்டுவிட்டு, களத்தை மேட்டுப் பக்கமாக நகர்த்துவதற்கான மதிப்பீட்டை அடுத்த கிராம சபைக்குத் தயார் செய்யுங்கள்.